மைதானத்தின் தெருமுகம்

சேர்வராயன் மலைமேல் சமதளமாக ஓர் ஏக்கர் நிலம் கிடைப்பது லேசான காரியமல்ல. ஏற்காடு கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சேர்வராயன் கோயில் இருக்கும் உச்சி 1,600 மீட்டரையும் தாண்டிவிடும். இடைப்பட்டதெல்லாம் காப்பித் தோட்டம், மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்கள், பாறை, ஓடை. பேருந்து நிலையம், வண்டி நிறுத்துமிடம், விடுதி, பள்ளிக்கூடம், கடைத்தெரு, விளையாட்டு மைதானம் என எதைக் கட்டுவதாக இருந்தாலும் அதே கொஞ்ச நிலத்தில்தான் கைவைக்க வேண்டும். ஒன்றுக்குக் கொடுத்தால் இன்னொன்றுக்கு இல்லை.

பள்ளிக்கூடங்கள் முந்திக்கொண்டன. சேக்ரட் ஹார்ட் பள்ளி 1894-ல் வந்தது. புனித கபிரியேல் சபைச் சகோதரர்களின் மான்ஃபோர்ட் பள்ளி 1917-ல் வந்தது. விளையாட்டுக்குப் பேர்போன இந்தப் பள்ளிகளின் மைதானங்கள் மதில்களுக்குள் இருக்கின்றன. மதிலுக்கு வெளியே வேறொரு ஏற்காடு: ஏரிக்கரையில் மிளகாய் பஜ்ஜிக் கடைகள், அண்ணா பூங்கா அருகே பொம்மையும் தொப்பியும் விற்பவர்கள், ஒண்டிக்கடை ரவுண்டானாவைச் சுற்றி டீக்கடைகள், காப்பித்தூள், மிளகு, தேன், யூகலிப்டஸ் தைலம். மே மாதக் கோடை விழாவின்போதுதான் மலர்க்கண்காட்சிக்கும் விளையாட்டுப் போட்டிகளுக்கும் வியாபாரத்துக்கும் ஒரே கூட்டம் வந்து சேர்கிறது. மற்ற நாட்களில் மைதானமும் கடைத்தெருவும் ஒன்றையொன்று பார்ப்பதில்லை.

பார்க்க வேண்டுமா என்பதுதான் கேள்வி. மலைமேல் பல்கலைக்கழகம் கிடையாது. ஆனால் இருபது கொண்டை ஊசி வளைவுகளை இறங்கினால் இந்தக் கேள்வி பெரிதாகக் காத்திருக்கிறது. சேலம் செர்ரி ரோட்டில் 1857-ல் வேர்விட்ட அரசு கலைக் கல்லூரி இருக்கிறது. மலையின் இன்னொரு பக்கம், பெங்களூரு நெடுஞ்சாலையில் கருப்பூரை ஒட்டி, 1997-ல் தொடங்கிய பெரியார் பல்கலைக்கழகம் இருக்கிறது. இப்படிப்பட்ட வளாகங்களின் மைதானங்களில், தெருவைப் பார்த்த விளிம்பில் கடைகள் கட்டலாமா? கட்டினால் வாடகை வரும், தெருவுக்கும் உயிர் வரும் என்பது ஒரு கட்சி. கல்விக்கென ஒதுக்கிய நிலத்தைக் கடைக்காரனுக்குக் கொடுத்தால் மைதானமே மெல்லக் கரைந்துவிடும் என்பது எதிர்க்கட்சி. இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. ஆனால் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் இது ஏற்கெனவே பலமுறை செய்துபார்க்கப்பட்டுவிட்டது. அந்த அனுபவங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், கடையின் வாசல் எந்தப் பக்கம், வாடகை யார் கையில் என்ற இரண்டும்தான் மைதானத்தின் தலையெழுத்தைத் தீர்மானித்திருப்பது தெரிகிறது.

முதலில் மதிலைப் பற்றி. பெரிய வளாகம் ஒன்றின் சுற்றுச்சுவர் நகரத்துக்கு என்ன செய்கிறது என்பதை அமெரிக்க எழுத்தாளர் ஜேன் ஜேகப்ஸ் 1961-ல் வெளியான நகரங்கள் பற்றிய தன் நூலில் ஓர் அத்தியாயம் முழுக்க ஆராய்ந்தார். ரயில்பாதை, பல்கலைக்கழக வளாகம், பெரிய பூங்கா போன்ற ஒற்றைப் பயன்பாட்டு நிலங்களின் ஓரங்களில் ஆள் நடமாட்டம் வற்றிவிடுகிறது, நடமாட்டம் வற்றிய தெரு மேலும் வெறிச்சோடுகிறது என்பது அவர் கண்டது. அதைப் புரிந்துகொள்ள அமெரிக்கா போக வேண்டியதில்லை. எந்தத் தமிழ்நாட்டு நகரத்திலும் கல்லூரி மதிலோரத்தில் மாலை ஏழு மணிக்கு மேல் ஒரு பெண் தனியாக நடந்துபோகும் வேகத்தைப் பார்த்தால் போதும். ஒருபக்கம் நீண்ட சுவர், மறுபக்கம் விரையும் வண்டிகள், நடுவே குப்பையும் சிறுநீர் வாடையும். அதே சுவரில் வெளிச்சம் போட்ட நான்கு கடை இருந்தால் அந்தத் தெரு வேறு தெரு. பிலடெல்பியாவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகம் 1990-களில், வளாகத்தைச் சுற்றிக் குற்றங்கள் பெருகி மாணவர்கள் அஞ்சத் தொடங்கிய காலத்தில், சுவரை உயர்த்தவில்லை. தெருமுகத்தில் புத்தகக் கடையும் உணவகங்களும் திறந்தது.

சென்னை பெரியமேட்டில் இதற்கொரு நல்ல உதாரணம் உண்டு. இன்றைய நேரு விளையாட்டரங்கம் நிற்கும் இடத்தில் முன்பு மாநகராட்சி மைதானம் இருந்தது. 1956 ஜனவரியில் நியூசிலாந்துக்கு எதிராக வினு மன்கட்டும் பங்கஜ் ராயும் முதல் விக்கெட்டுக்கு 413 ரன் சேர்த்தது அங்கேதான். ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் உலக சாதனையாக நின்ற கூட்டணி அது. 1993-ல் பழைய மைதானம் போய்ப் புதிய அரங்கம் எழுந்தது. இன்று அதைச் சுற்றிய சிடன்ஹாம்ஸ் சாலைப் பக்கம் போகிறவர் கண்ணில் முதலில் படுவது விளையாட்டுச் சாமான் கடைகள். மட்டை, கால்பந்து, ஜெர்சி, கேரம் போர்டு, கோப்பை, பதக்கம். மாவட்டங்களிலிருந்து பள்ளி உடற்கல்வி ஆசிரியர்கள் பட்டியலோடு வந்து மொத்தமாக வாங்கிப் போகும் சந்தை அது. அரங்கத்தில் போட்டி இல்லாத நாளிலும் அந்தத் தெருவில் விளையாட்டு நடந்துகொண்டிருக்கிறது. அங்கே கடைகள் விற்கும் பொருளுக்கும் சுவருக்கு உள்ளே நடப்பதற்கும் உறவு இருக்கிறது. இந்த உறவு தானாக அமைவதில்லை என்பதை மற்ற ஊர்கள் காட்டுகின்றன.

கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியம் 1971-ல் வந்தது. வ.உ.சி. பூங்காவுக்குப் பக்கத்தில், நகரின் மையத்தில், கேலரிக்கு அடியிலேயே தெருவைப் பார்த்த கடைகள். கோழிக்கோட்டில் 1977-ல் கட்டிய, இன்று இ.எம்.எஸ். பெயரைத் தாங்கும் மாநகராட்சி ஸ்டேடியமும் அதே அச்சு. அங்கே கேலரியைச் சுற்றிவந்தால் உள்ளே கால்பந்து மைதானம் ஒன்று இருப்பதே மறந்துபோகும் அளவுக்குக் கடைகள். எழுபதுகளின் கணக்கு எளியது. கேலரிப் படிகள் சரிவாக ஏறும்போது அடியில் முக்கோணமாக ஒரு வெற்றிடம் மிஞ்சுகிறது. ஷட்டர் போட்டு வாடகைக்கு விட்டால், ஆண்டில் சில நாள் மட்டும் கூட்டம் வரும் கட்டடம் ஆண்டு முழுவதும் சம்பாதிக்கும். நிலம் வீணாகவில்லை, தெருவும் வெறிச்சோடவில்லை. கடை கட்டுவதற்காக விளையாடும் தரையில் ஓர் அடிகூடப் போகவில்லை. திட்டமாகப் பார்த்தால் இதில் குறை சொல்ல அதிகமில்லை.

குறை நிர்வாகத்தில் இருக்கிறது. கோயம்புத்தூரில் கடைகள் மாநகராட்சியுடையவை. விளையாட்டை நடத்துவது தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம். ஒருவருக்கு வாடகை, மற்றவருக்குப் புல் வெட்டும் வேலை. கடையின் வருமானம் மாநகராட்சியின் பொதுக் கணக்கில் கலந்துவிட்டால், ஓடுதளம் பெயர்ந்தாலும் கழிப்பறைக் குழாய் உடைந்தாலும் அந்தப் பணத்தைக் கேட்க மைதானத்துக்கு உரிமை இல்லை. 2018-19 பருவத்தில் சென்னை சிட்டி கால்பந்து அணி இந்த மைதானத்தைத் தாயகமாகக் கொண்டு ஐ-லீக் கோப்பையை வென்றது. அந்தக் கோப்பை மாலைகளில் கடைகளுக்கு வியாபாரம் கூடியிருக்கும்; ஆனால் கூடிய வியாபாரத்தில் மைதானத்துக்குப் பங்கு வைக்கும் ஏற்பாடு இல்லாதபோது அந்த லாபம் தெருவோடு நின்றுவிடும். மைதானத்துக்குக் கடை கட்டினோம் என்று தொடங்கி, கடைக்குப் பின்புறம் மைதானம் இருக்கிறது என்று முடிவது இப்படித்தான்.

கொச்சி கலூரில் இந்தச் சிக்கல் நீதிமன்றம் வரை போனது. பெருங்கொச்சி வளர்ச்சி ஆணையம் கட்டி 1996-ல் திறந்த ஜவஹர்லால் நேரு ஸ்டேடியத்தில் கேலரிக்கு அடியில் நிறையக் கடைகள், உணவகங்கள். 2017 அக்டோபரில் 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பைக் கால்பந்து வந்தபோது ஃபிஃபா அரங்கம் முழுவதையும் தன் பொறுப்பில் கேட்டது. கடைகளைக் காலி செய்ய வேண்டும் என்றானது. அத்தனை ஆண்டு வாடகை கட்டியவர்கள் வியாபாரம் நின்றுபோகும் நாட்களுக்கு இழப்பீடு கேட்டுக் கேரள உயர் நீதிமன்றம் போனார்கள். இருதரப்பிலும் தவறு சொல்ல முடியாது. அடுப்பும் எரிவாயு சிலிண்டரும் இருக்கும் அறைகளுக்கு மேல் பல்லாயிரம் பேரை உட்காரவைக்க எந்தப் பாதுகாப்பு அதிகாரியும் தயங்குவார். ஒப்பந்தம் போட்டு அட்வான்ஸ் கொடுத்துக் கடை நடத்துபவரும் திடீரென்று ஷட்டரை இறக்கிவிட்டுப் போய்விட முடியாது. கட்டும்போதே கேட்டிருக்க வேண்டிய கேள்வியை இருபது ஆண்டு கழித்துக் கேட்டதால் வந்த வினை.

பார்வையாளர் மேடைக்கு அடியில் கடை வைப்பது புதிய யோசனையும் அல்ல, அதன் ஆபத்து புதியதும் அல்ல. கி.பி. 64-ல் ரோம் நகரை விழுங்கிய பெருந்தீ, தேரோட்டப் போட்டிகள் நடந்த சர்க்கஸ் மாக்சிமஸை ஒட்டிய கடைகளில், எளிதில் தீப்பிடிக்கும் சரக்குகளுக்கிடையே தொடங்கியது என்று வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் எழுதிவைத்திருக்கிறார். சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் 2001-ல் திறந்த செயின்ட் யாக்கோப் அரங்கம் வணிக வளாகத்தையும் முதியோர் குடியிருப்பையும் சேர்த்தே கட்டப்பட்டது; அங்கே கடை பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டதல்ல, முதல் வரைபடத்திலேயே இருந்தது. கேலரிக்கடி ஷட்டரைப் பார்த்துப் பழகிய நம் ஊர்கள் கவனிக்க வேண்டிய வேறுபாடு இது.

பல்கலைக்கழக நிலத்திலேயே இந்தப் பரிசோதனை நடந்த இடம் திருவனந்தபுரம் காரியவட்டம். கேரளப் பல்கலைக்கழகம் தன் வளாகத்தில் 36 ஏக்கர் அளவு நிலத்தைக் குத்தகைக்குக் கொடுத்தது. ஐ.எல்.&எஃப்.எஸ். குழும நிறுவனம் ஸ்டேடியத்தைக் கட்டி, சில ஆண்டுகள் நடத்தி, பிறகு ஒப்படைப்பது என்று ஏற்பாடு. 2015 தேசிய விளையாட்டுப் போட்டியின் தொடக்க விழா அங்கே நடந்தது. 2017 நவம்பரில் முதல் சர்வதேச டி20, 2018 நவம்பரில் முதல் ஒருநாள் போட்டி. கிளப், மாநாட்டு மண்டபம் என வருமானம் தரும் பகுதிகள் திட்டத்திலேயே சேர்க்கப்பட்டிருந்தன. ஆண்டுக்கு ஓரிரு சர்வதேசப் போட்டி, மீதி நாளெல்லாம் வணிகம் சுமக்கும் என்பது எதிர்பார்ப்பு. 2018-ல் ஐ.எல்.&எஃப்.எஸ். கடனில் மூழ்கியது. பராமரிப்பு ஆட்டம் கண்டது. 2022 செப்டம்பரில், இந்தியா - தென்னாப்பிரிக்கா டி20 ஆட்டத்துக்குச் சில நாள் முன்பு, கட்டணப் பாக்கிக்காக மின்வாரியம் இணைப்பைத் துண்டித்தது.

இதிலிருந்து ‘வணிகமே கூடாது’ என்று முடிவுகட்டுவது அவசரம். காரியவட்டம் நகரின் விளிம்பில் உள்ள வளாகம். அங்கே மாநாட்டு மண்டபம் இருந்தது, தெரு இருந்ததா? தினமும் காலையில் பால் வாங்கவும் மாலையில் டீ குடிக்கவும் அந்த வழியே நடக்கிறவர்கள் இருந்தால்தான் தெருக்கடை பிழைக்கும். பெரிய நாளுக்காகக் கட்டப்பட்ட பெரிய வணிகம் பெரிய நாள் வராவிட்டால் விழுந்துவிடும். மாத வாடகை சில ஆயிரம் தரும் பத்துச் சின்னக் கடைகள் அப்படி ஒரே நாளில் விழுவதில்லை. ஒன்று மூடினால் இன்னொன்று திறக்கும். பல்கலைக்கழகம் ஒன்று தன் மைதானத்தைக் காப்பாற்ற ஒரே ஒரு பெரிய நிறுவனத்தை நம்புவதைவிடப் பத்துச் சிறு வியாபாரிகளை நம்புவது பத்திரமானது.

கடை விளிம்பில் இருக்க வேண்டும் என்று வற்புறுத்துவதற்கு ஈரோட்டில் காரணம் கிடைக்கும். 2020 ஊரடங்கின்போது கூட்டத்தைத் தவிர்க்க நேதாஜி தினசரி மார்க்கெட்டை முதலில் பேருந்து நிலையத்துக்கும் பிறகு வ.உ.சி. பூங்கா மைதானத்துக்கும் மாற்றினார்கள். நெருக்கடிக்கு அது சரியான முடிவு. ஊரடங்கு போன பிறகும் மார்க்கெட் மைதானத்திலேயே ஆண்டுக்கணக்கில் நின்றது. சேலத்திலும் பழைய பேருந்து நிலையத்தை ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் ஈரடுக்காகக் கட்டியபோது போஸ் மைதானம் தற்காலிகப் பேருந்து நிலையமானது. ஆடித் திருவிழாக் காலத்துப் பொருட்காட்சிக்கும் அரசியல் கூட்டத்துக்கும் ஏற்கெனவே பழகிய மைதானம் என்பதால் யாரும் பெரிதாக முகம் சுளிக்கவில்லை. நகரம் நெருக்கடியில் கைநீட்டும் முதல் நிலம் மைதானமாகத்தான் இருக்கிறது. காலியாக இருப்பதுபோல் தெரிவதே அதன் பலவீனம். விளிம்பில் முறையாகக் கட்டிய கடைவரிசை ஒருவகையில் இதற்குத் தடுப்பு: எல்லை கண்ணுக்குத் தெரியும்; உள்ளே நுழைய வருபவரைக் கேள்வி கேட்க, மைதானம் நன்றாக இருந்தால்தான் தன் கல்லா நிறையும் என்று தெரிந்த பத்துப் பேர் வாசலில் உட்கார்ந்திருப்பார்கள்.

அந்தப் பத்துப் பேர் யார்? சேலம் மாவட்டத்தைப் பொறுத்தவரை இந்தக் கேள்விக்கு நெஞ்சைத் தொடும் விடை இருக்கிறது. சின்னப்பம்பட்டியின் டி. நடராஜன் 2020-21 ஆஸ்திரேலியப் பயணம் ஒன்றிலேயே கிரிக்கெட்டின் மூன்று வடிவங்களிலும் இந்தியாவுக்காக அறிமுகமானவர். அவருடைய தாய் சாலையோரத்தில் கோழி வறுவல் கடை நடத்தியவர். பெரியவடகம்பட்டியின் மாரியப்பன் தங்கவேலு 2016 ரியோ பாராலிம்பிக்கில் உயரம் தாண்டுதலில் தங்கம், டோக்கியோவில் வெள்ளி, 2024 பாரிஸில் வெண்கலம் வென்றவர். அவருடைய தாய் காய்கறி விற்றுப் பிள்ளைகளை வளர்த்தவர். இந்த மாவட்டத்தின் இரண்டு பெரிய விளையாட்டுப் பெயர்களுக்குப் பின்னால் இரண்டு தெரு வியாபாரிகள் இருக்கிறார்கள். தங்கள் ஊர்க் கல்லூரி மைதானத்து வாசலில் கடை போட அவர்களுக்கு எவ்வளவு உரிமை உண்டோ, அந்த மைதானத்துக்குள் ஓட அவர்கள் பிள்ளைகளுக்கும் அவ்வளவு உரிமை உண்டு. நடராஜன் 2023-ல் தன் கிராமத்திலேயே கிரிக்கெட் மைதானம் ஒன்றை அமைத்துத் திறந்தார் என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஆகவே கடை கட்டினால் ஏலத்தில் அதிகத் தொகை கேட்பவருக்கே போகட்டும் என்று விடுவது பெரும் பிழை. நகராட்சிக் கடைகளில் நடப்பது ஊரறிந்தது. ஒருவர் ஏலம் எடுப்பார், இன்னொருவருக்கு உள்வாடகைக்கு விடுவார், நாளடைவில் ‘பகடி’ என்று ஒரு தொகை கைமாறும். ஏடுகளில் வாடகை பழையபடியே இருக்கும். 2014-ல் நாடாளுமன்றம் இயற்றிய தெருவோர வியாபாரிகள் சட்டம் நகர விற்பனைக் குழுவில் நாற்பது சதவீத இடத்தை வியாபாரிகளுக்கே கொடுத்தது. அதில் மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கு. மைதான விளிம்பில் பத்தடிக்குப் பத்தடி அறைகள் கட்டும்போது, ஏற்கெனவே அதே வாசலில் வண்டி தள்ளி வேர்க்கடலையும் இளநீரும் கம்மங்கூழும் விற்றவர்களுக்கு முதல் உரிமை கொடுத்தால்தான் அந்தச் சட்டத்தின் உயிர் காப்பாற்றப்படும். இல்லையென்றால் கடை வந்தவுடன் முதலில் விரட்டப்படுபவர்கள் அவர்களாகத்தான் இருப்பார்கள்.

எதை விற்பது என்பதற்கும் எல்லை உண்டு. 2003-ன் புகையிலைச் சட்டம் கல்வி நிறுவனங்களைச் சுற்றி நூறு கஜத்துக்குள் சிகரெட்டும் மற்றப் புகையிலைப் பொருட்களும் விற்பதைத் தடை செய்கிறது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை. பெட்டிக்கடையின் லாபத்தில் சிகரெட்டும் பொட்டலத் தின்பண்டமும் பெரிய பங்கு என்பது கடை வைத்தவர்களுக்குத் தெரியும். அதைக் கழித்துவிட்டு ஒரு கடை நிற்குமா? விளையாட வருகிறவர்களின் தேவையைப் பார்த்தால் நிற்கும். காலை ஐந்தரைக்கே ஓட வருகிறவர்களுக்கு வேகவைத்த முட்டை, சுண்டல், வாழைப்பழம், மோர் வேண்டும். ஷூ பிய்ந்தால் தைக்க ஆள் வேண்டும். பூப்பந்து மட்டைக்கு நரம்பு கட்ட வேண்டும். சைக்கிளுக்குக் காற்றடிக்க வேண்டும். ஹால் டிக்கெட் நகலெடுக்கக் கடை வேண்டும். இவற்றில் ஒன்றுகூட வணிக வளாகத்தில் கிடைக்காது. இவற்றையெல்லாம்விட முக்கியமானது கழிப்பறை. மைதானத்துக்குப் பெண் பிள்ளைகளை அனுப்பத் தயங்கும் பெற்றோரிடம் காரணம் கேட்டால் பயிற்சியாளரைப் பற்றியோ பந்தைப் பற்றியோ பேச மாட்டார்கள். பூட்டிய கழிப்பறையைப் பற்றித்தான் பேசுவார்கள். காலை முதல் இரவுவரை திறந்திருக்கும் கடை ஒன்றின் ஒப்பந்தத்திலேயே கழிப்பறைச் சாவியையும் பராமரிப்பையும் சேர்த்து, அதற்கு ஈடாக வாடகையைக் குறைத்துக்கொடுக்கலாம். கடை வேண்டும் என்பதற்கு இது ஒன்றே போதுமான வாதம்.

சட்டத்தின் பக்கம் எதிர்ப்பு வலுவானது, அதை ஒதுக்கிவிட முடியாது. பூங்காக்களையும் விளையாட்டுத் திடல்களையும் காக்கத் தமிழ்நாட்டுக்கு 1959-லேயே தனிச் சட்டம் உண்டு. பெங்களூரில் பூங்காவுக்கென ஒதுக்கிய நிலத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்தது செல்லாது என்று 1991-ல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. மருத்துவமனையும் பொதுநன்மைதானே என்ற வாதம் எடுபடவில்லை. திறந்தவெளி என்று குறித்தது திறந்தவெளியாகவே இருக்க வேண்டும் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். மருத்துவமனைக்கே இடமில்லை என்றால் டீக்கடைக்கு எப்படி? விளையாடும் தரையில் ஓர் அடிகூட எடுக்காமல், மதில் நிற்கும் அதே கீற்றில், விளையாட்டுக்குப் பயன்படும் துணைக் கட்டடமாகக் கடை அமைந்தால் மட்டுமே இந்தக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்ல முடியும். மதிலின் அகலம் பத்தடியாகிறது, அவ்வளவே. அதற்குமேல் ஓரடி உள்ளே நகர்ந்தாலும் எதிர்ப்பவர்கள் பக்கம்தான் நியாயம்.

இந்தக் கீற்று யோசனை மலைமேல் இன்னும் அழகாகப் பொருந்துகிறது, இன்னும் ஆபத்தாகவும். சரிவில் மைதானம் அமைப்பதென்றால் மேல்பக்கத்தை வெட்டி, அந்த மண்ணைக் கீழ்ப்பக்கம் கொட்டிச் சமன் செய்கிறார்கள். கீழ்ப்பக்கம் மண் சரியாமல் தடுப்புச் சுவர் எழும்புகிறது. அந்தச் சுவருக்குக் கீழே பெரும்பாலும் சாலை போகிறது. ஆக, மைதானம் முதல் மாடி உயரத்திலும் தெரு தரைமட்டத்திலும் இருக்கின்றன; நடுவில் பத்துப் பன்னிரண்டடிச் சுவர் சும்மா நிற்கிறது. அந்த முகத்தில் வரிசையாகக் கடைகள் அமைந்தால் மைதானத்துக்குத் துளி இழப்பில்லை. கடையின் கூரைக்கு மேல் பார்வையாளர் படிக்கட்டு. மலைக்கிராமத்து மலையாளிப் பழங்குடிப் பெண்கள் பலாவும் கொய்யாவும் ஆரஞ்சும் மழையில் நனைந்தபடி சாலையோரம் விற்க வேண்டியதில்லை. தரகர் இல்லாமல் தங்கள் மிளகையும் காப்பியையும் தாங்களே விற்க ஒரு கூரை கிடைக்கும்.

ஆனால் தடுப்புச் சுவர் சும்மா நிற்பதில்லை. முழு மைதானத்தின் மண்ணையும், அந்த மண் குடித்த மழையையும் அது தள்ளிப் பிடித்துக்கொண்டிருக்கிறது. சுவரில் விடும் துளைகள் வழியே நீர் வெளியேறாவிட்டால் அழுத்தம் ஏறிச் சுவர் சாயும். அங்கே கடையைக் குடைந்து, ஈரம் வருகிறதென்று கடைக்காரர் அந்தத் துளையைச் சிமெண்ட் வைத்து அடைத்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஏற்காட்டு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. மலைப்பகுதிக் கட்டடங்களை ஒழுங்குபடுத்த 1990-ல் அமைத்த ஹாக்கா குழுமத்தின் கட்டுப்பாடு ஏற்காட்டுக்கும் உண்டு. அதை ஒரு தொல்லையாகப் பார்க்கும் பழக்கத்தை முதலில் விட வேண்டும். மலையில் இத்தகைய கடைகள் தடுப்புச் சுவரிலிருந்து விலகி, நடுவே ஆள் நுழைந்து பார்க்குமளவு இடைவெளியும் வடிகாலும் விட்டு, தனிக் கட்டுமானமாக நிற்க வேண்டும். செலவு கூடும். கூடட்டும். இன்னொரு கவலை வாடிக்கையாளர்கள். ஏற்காட்டில் கோடையிலும் வார இறுதியிலும் கூட்டம். மழைக்காலச் செவ்வாய்க்கிழமையில் ஈ ஓட்ட வேண்டியதுதான். சுற்றுலாக்காரரை நம்பி வாடகை வைத்தால் ஆறு மாதத்தில் எல்லாக் கடையும் ஒரே மாதிரி சாக்லேட்டும் தைலமும் விற்கத் தொடங்கும், மைதானத்துக்கு வரும் பிள்ளைக்கு அங்கே ஒன்றுமிருக்காது.

கீழே கருப்பூருக்கு வந்தால், பெரியார் பல்கலைக்கழகத்தின் விஷயத்தில் விடை சுருக்கமானது: வேண்டாம். அது நெடுஞ்சாலையைப் பார்த்த வளாகம். தேசிய நெடுஞ்சாலையின் ஓரத்தில் தெருக்கடை வைத்தால் நடந்துவருபவர் வரமாட்டார். லாரியும் காரும் வந்து நிற்கும், சாலையைக் கடக்கும் மாணவர் அடிபடுவார். வளாகத்துக்குள்ளேயே சிற்றுண்டிச்சாலையும் கூட்டுறவுக் கடையும் போதும். வாழப்பாடி பக்கம் காட்டுவேப்பிலைப்பட்டியில் 2020-ல் திறந்த கிரிக்கெட் மைதானத்துக்கும் இதே நிலைதான். டி.என்.பி.எல். ஆட்டம் நடக்கும் நாட்களில் தள்ளுவண்டிகள் வரட்டும், முடிந்ததும் போகட்டும். நிரந்தரக் கடைக்கு அங்கே தெருவே இல்லை.

செர்ரி ரோட்டுக் கலைக் கல்லூரியின் கதை வேறு. நகரம் அதைச் சுற்றி நாள் முழுவதும் நடமாடுகிறது. பேருந்து, பள்ளி, அலுவலகம் எல்லாம் எட்டும் தூரம். தெருக்கடை பிழைக்க என்னென்ன வேண்டுமோ அத்தனையும் அங்கே இருக்கிறது. ஆனால் அங்கே ஒரு முட்டுக்கட்டை, அது கட்டடக் கலையிலோ வியாபாரத்திலோ இல்லை. அரசியல் சாசனத்தின் 266-ஆம் பிரிவுப்படி மாநில அரசுக்கு வரும் வருவாய் மாநிலத்தின் தொகுநிதியில் சேர வேண்டும். அரசுக் கல்லூரியின் மதிலில் ஒரு டீக்கடை தரும் வாடகையும் அரசின் வருவாய்தான். கருவூலத்துக்குப் போன பணம் அதே கல்லூரியின் ஓடுதளத்துக்குத் திரும்பி வரும் என்று எந்த முதல்வராலும் உறுதி சொல்ல முடியாது. கோயம்புத்தூரின் சிக்கல் இங்கே இன்னொரு உருவத்தில் வந்து நிற்கிறது. மாறாக, தனிச் சட்டத்தால் உருவான பல்கலைக்கழகத்துக்குத் தனக்கென்று நிதி உண்டு, வருவதை அங்கேயே செலவழிக்க முடியும். சேலத்தில் தெரு உள்ள மைதானத்துக்குப் பை இல்லை, பை உள்ள வளாகத்துக்குத் தெரு இல்லை.

இணைக்க வழி இருக்கிறது. கலைக் கல்லூரி பெரியார் பல்கலைக்கழகத்தோடு இணைவு பெற்றது. உயர்கல்வித் துறை, பல்கலைக்கழகம், மாநகராட்சி மூன்றும் கையெழுத்திட்டு, மைதான விளிம்புக் கடைகளின் வாடகையைப் பல்கலைக்கழகத்தில் தனிக் கணக்காக வைத்து, அந்த மைதானத்துக்கு மட்டுமே செலவிடுவது என்று ஓர் அரசாணை போடலாம். கணக்கை ஆண்டுதோறும் மைதானத்தின் வாசலிலேயே எழுதி ஒட்டலாம். எத்தனை கடை, யார் பெயரில், எவ்வளவு வாடகை, அதில் எவ்வளவு புல்லுக்கும் எவ்வளவு கழிப்பறைக்கும் போனது என்று காலையில் ஓட வருபவர் நின்று படிக்கும்படி. அந்த அரசாணை வருமுன் ஒரு செங்கல்கூட வைக்கக் கூடாது. வந்த பிறகு, முதலில் நான்கு கடையோடு தொடங்கலாம்: இரண்டு உணவுக்கு, ஒன்று விளையாட்டுச் சாமானுக்கும் பழுதுபார்ப்புக்கும், ஒன்று கழிப்பறைச் சாவி வைத்திருப்பவருக்கு.